வீட்டருகில் காணும் பாம்புகளை இனமறிதல்

நமது கிராமங்களில் பாம்பைக் கண்டிராத குடியானவர் ஒருவரும் இலர். எனினும், கண்ட பாம்பு இன்னதென்று நிச்சயமாய்ச் சொல்லக்கூடியவர் சிலரே. இவ்வறியாமையால் இருவகைத் தீங்கு விளைகின்றது. விஷமற்ற சாரையை நல்லபாம்பென்று எண்ணி அடித்துக் கொல்வது ஒன்று. கட்டுவிரியனின் கடியைப் பூச்சிக்கடியென்று அலட்சியம் செய்து உயிரிழப்பது மற்றொன்று. 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் உத்தேசம் 12 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இவர்களுள் பெரும்பாலார் கிராமவாசிகள். ஆகையால் இப்பாடத்தை வீட்டிலுள்ள யாவரும், விசேஷமாய்ச் சிறுவர்கள், நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பாம்பு வீட்டை நாடுவது ஏன்?

மனிதனைத் தேடி எந்தப் பாம்பும் வருவதில்லை. தானியம் எலியை அழைக்கிறது. எலி பாம்பை அழைக்கிறது. வைக்கோற்போர், விறகுக் குவியல், வரட்டி அடுக்கு, சுவர் வெடிப்பு, எலிவளை ஆகியவை அதற்கு மறைவிடங்களாகின்றன.

அஞ்சத்தக்க நான்கு

நம் நாட்டில் பாம்புக்கடியால் நேரும் உயிர்ச்சேதம் பெரும்பாலும் பின்வரும் நான்கினாலேயே உண்டாகின்றது.

(1) நல்லபாம்பு: படம் விரிப்பதே இதன் முதல் அடையாளம். படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி பெரும்பாலும் இருக்கும், சிலவற்றில் இராது.

(2) கட்டுவிரியன்: பளபளப்பான கருமேனி, அதன் குறுக்கே மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாய் அமைந்திருக்கும். இவை கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவாகும். இது இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது.

(3) கண்ணாடி விரியன்: பருத்த உடல், முக்கோணத் தலை, பழுப்பு மேனியில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைப் புள்ளிகள். நெருங்கினால் கொல்லன் துருத்தி போல உரக்கச் சீறும். வயல் வரப்புகளிலும் புதர்களிலும் மிகுதி.

(4) சுருட்டை விரியன்: ஓர் அடி அல்லது ஒன்றரை அடி நீளமே உள்ளது. தலைமேல் பறவையின் காற்சுவடு போன்ற வெளிறிய குறி இருக்கும். உடலை வளைத்துச் செதில்களை உராய்ந்து, அரத்தால் அராவுவது போன்ற ஒலி எழுப்பும். கற்பாங்கான வறண்ட நிலத்தில் வாழ்வது. உருவம் சிறிதென்று எண்ணி ஏமாறலாகாது.

மயங்கச் செய்யும் விஷமற்ற பாம்புகள்

சாரை ஆறடிக்கு மேலும் வளரும், கண்கள் பெரியவை, உதட்டில் கருங்கோடுகள் உண்டு, படம் இல்லை. எலிகளைத் தின்று களஞ்சியத்தைக் காப்பதால் இது குடியானவனுக்கு நண்பன். நல்லபாம்பும் சாரையும் இணை சேரும் என்பது தவறு. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் பலப்பரீட்சை செய்யும் இரண்டு ஆண் சாரைகளே.

வெள்ளிக்கோல் வரையன் பல்லியைத் தேடிச் சுவரேறுவது. இதன் பழுப்பு மேனியிலுள்ள வெண்பட்டைகள் கழுத்திலேயே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு இது நேர்மாறு என்பதை நினைவில் வைக்க.

மண்ணுளிப் பாம்பின் வால் குட்டையாய் மழுங்கியிருப்பதால் அதனை இருதலைப் பாம்பு என்பர். அதற்குத் தலை ஒன்றே. அது நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் பொய். தண்ணீர்ப்பாம்பின் முதுகில் சதுரங்கப் பலகை போன்ற கரும்புள்ளிகள் காணப்படும். அது வெடுக்கென்று கடிக்கும், ஆயினும் விஷமில்லை.

இவ்வடையாளங்கள் யாவும் தூர நின்று பார்ப்பதற்கே உரியவை. கையிலெடுத்துச் சோதிப்பதற்கு அல்ல. இறந்ததாகத் தோன்றும் பாம்பையும் தொடலாகாது. சந்தேகம் எழுந்தால் விஷப்பாம்பென்றே கொள்க. வீட்டினுள் புகுந்த பாம்பை அகற்றத் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தல் நலம்.

கடித்துவிட்டால்

கட்டுவிரியனின் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு, பற்குறிகூடத் தெரியாதிருக்கலாம். தரையில் உறங்கியவர் விடியுமுன் வயிற்றுவலியோடு விழிப்பார். பின்னர் இமைகள் சரியும், விழுங்குதல் கடினமாகும், மூச்சும் தடைப்படும். அஜீரணமென்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்து உயிரை இழப்பது இவ்வாறுதான். ஆகையால், பாம்பை எவரும் காணாவிடினும், இக்குறிகள் தோன்றிய அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

எப்பாம்பு கடித்தாலும் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், மெட்டி, வளையல்களைக் கழற்றுக. கடியுண்ட அங்கத்தை ஒரு தப்பையோடு சேர்த்துத் தளர்வாய்க் கட்டி, அசையாமல் வைக்க. அவரை நடக்கவிடாமல் வண்டியில் கொண்டு செல்க. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டுவதில்லை. இந்தியாவில் வழங்கும் விஷமுறி மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது. வைத்தியர் நோயாளியின் குறிகளைக் கண்டும், சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வைத்து அது உறைகின்றதா என்று சோதித்தும் சிகிச்சை செய்வார்.

மந்திரத்தால் பிழைத்தவர் பலர் உண்டே என்று சிலர் கேட்கலாம். விஷமற்ற பாம்பு கடித்தவரும், விஷப்பாம்பு கடித்தும் விஷம் உடலில் இறங்காதவரும் தாமே பிழைக்கின்றனர். அப்புகழ் மந்திரத்தைச் சேர்கிறது. விஷம் ஏறியவர்க்கு மந்திரம் போக்கும் ஒவ்வொரு நாழிகையும் ஆயுளிற் குறைவதேயாம்.

வருமுன் காத்தல்

குப்பையையும் விறகையும் வாசலுக்கு எட்ட வைத்திடுக. எலிவளைகளை அடைத்திடுக. இரவில் விளக்கும் செருப்புமின்றி வெளியே செல்லற்க. தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்கு செருகிக்கொள்க. செலவு சிறிதே ஆகும் இவ்வழக்கங்கள் ஒரு குடும்பத்தின் உழைப்பாளியையோ குழந்தையையோ காக்கவல்லன. சாரையை அதன் வழியே போகவிடுவதும், கட்டுவிரியன் கடித்தவரைத் தாமதமின்றி வைத்தியரிடம் சேர்ப்பதும் பாம்பை அறிந்தவர் செய்கையாம்.