முகம் கிடைக்காத நாயகி

நுழையும்முன்
திரையில் ஒருவர் தோன்றுவதும், அத்திரையின்முன் அவரே அமர்ந்து காண்பதும் வெவ்வேறு உரிமைகளாய் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்து நடிகை ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

மாணவர்களே! நகரியிலிருந்து அரக்கோணம் வழியே சென்றால் சென்னையை அடைவோம். அங்கே நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தில் ஒரு திரைப்பட விழா நடத்துகிறது. இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய அமைப்பு அது. சாதிக் கொடுமையையும் அதனை எதிர்த்தோர் வாழ்வையும் கூறும் படங்கள் அவ்விழாவில் திரையிடப்படும். அதன் பெயர் பி. கே. ரோசி திரைப்பட விழா.

யார் இந்த ரோசி? மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தின் நாயகி. படத்தை எடுத்தவர் அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல். அப்படம் வெளிவந்த ஆண்டு 1928 என்பாரும் உளர். 1930 என்பாரும் உளர். ரோசி ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். காக்காரசி நாடகத்தில் நடித்துத் தேர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நாடகம் அது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் தெருக்களில் வளரும் உங்களுக்கு அது வியப்பாய் இராது.

படத்தில் அவர் ஏற்றது உயர்சாதிப் பெண் ஒருத்தியின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் ஓடியபோது, அதனைப் பொறாதவர்கள் திரையின்மேல் கல்லெறிந்தனர். நாயகியின் கூந்தற்பூவை நாயகன் எடுத்து முத்தமிடும் காட்சியே அவர்களை மிகவும் சினமூட்டியது என்பர். ரோசியின் குடிசையும் தீக்கிரையானது. அவர் ஊரைவிட்டுத் தப்பிச் சென்றார். பின்னர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடிந்தார். மீண்டும் நடிக்கவில்லை. நடித்தது ஒரு படம். அதன் சுருளும் இன்று எங்கும் இல்லை. அவர் முகம் இதுதான் என ஐயமின்றிக் காட்டத்தக்க நிழற்படமும் இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவரைச் சிறப்பித்தபோது, ஓவியமாகவே தீட்ட வேண்டியதாயிற்று.

கடல் கடந்தும் இத்தகைய கதை உண்டு. அமெரிக்கக் கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் விருது விழாவில் சக நடிகர்களோடு அமர இடமில்லை. ஓரமாய்த் தனி மேசை போடப்பட்டது. அவருக்கும் முன்னர், 1920இல், ஆஸ்கர் மிஷோ என்னும் கறுப்பின இயக்குநர் தம் மக்களின் துயரைப் படமாக்கினார். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்படத்தின் ஒரே சுருள் பல்லாண்டு கழித்து ஸ்பெயின் நாட்டுக் காப்பகத்தில் அகப்பட்டது. ரோசியின் சுருளுக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை.

இவ்விரு கதைகளையும் இணைப்பது ஒப்புமை மட்டுமன்று. கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றறிஞர் 1926இல் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு வாரம் வகுத்தார். அது 1976 முதல் பிப்ரவரி மாதம் முழுவதற்கும் விரிந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 2015இல் தலித் வரலாற்று மாதம் தொடங்கப்பெற்றது. அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் அதற்குரியதாயிற்று. சென்னை விழா ஏப்ரலில் நிகழ்வதன் காரணம் இதுவே. கறுப்பின மக்களின் படங்களுக்கென லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1992 முதல் ஒரு விழா நடைபெறுகிறது. ஆப்பிரிக்காவிலோ புர்கினா பாசோ நாட்டின் வாகடூகு நகர்விழா 1969லேயே தொடங்கிவிட்டது.

விழாக்களுக்குப் புகழ்பெற்ற நடிகரின் பெயரைச் சூட்டுவது எளிது. படமும் முகமும் எஞ்சாத ஒருவரின் பெயரைச் சூட்டினால், "யார் இவர்?" என்று வருவோர் கேட்டாக வேண்டும்.

சொற்பொருள்
பொறாதவர் – சகிக்காதவர்
பேறு – நற்பயன்
ஐயமின்றி – சந்தேகமின்றி

பயிற்சி
1. ரோசியின்மீது சிலர் சினம் கொண்டது ஏன்?
2. ரோசி, மெக்டேனியல் ஆகியோர் நிலைகளில் நீ காணும் ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: கூந்தற்பூ, தீக்கிரை, முதற்படம்.
4. உன் பாட்டி, தாத்தா காலத்தில் டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, நாற்காலி ஆகியவற்றில் யார் யார் அமர்ந்தனர் எனக் கேட்டு, அவர்கள் கூறியவாறே பத்து வரிகளில் எழுதி வருக.