ஒரு தையல் பிரித்தால்

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். நீ போனில் அழுததைப் பாட்டியிடம் சொல்லவில்லை. திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே ஒரு சாம்பிள் திரும்பி வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது கண்ணு. ஆனால் அது திரும்பி வந்த காரணம்தான் என்னை உறுத்துகிறது. பையர் மெயிலில் இடுப்பை அரை இஞ்ச் ‘லெட் அவுட்’ பண்ணச் சொல்லியிருக்கிறான். நீ லெட்டுக்குத் தனியாக, அவுட்டுக்குத் தனியாக அர்த்தம் பார்த்து, அரை இஞ்சை எடுத்துவிடச் சொல்கிறான் என்று குறைத்துவிட்டாய். அவன் கேட்டது கூட்டச் சொல்லி.

அந்த வார்த்தை உனக்குத் தெரியாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கடையில் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவள் நீ. ஜாக்கெட்டின் பக்கவாட்டில் நான் ஏன் மூன்று தையல் ஓட்டுகிறேன்? ஆறு மாதம் கழித்து தைத்துப்போன அம்மாவே வந்து, “மூச்சு முட்டுதுண்ணே, ஒரு தையல் பிரிச்சு விடுங்க” என்பாள். பிளேடு முனையால் உள்தையலை நாலு இடத்தில் அறுத்து நூலை உருவினால் போதும். ஊசி போன ஓட்டைகள் மட்டும் இரண்டு சலவைவரை கோடாகத் தெரியும். அதுதான் கண்ணு லெட் அவுட். “தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க” என்றால் டேக் இன். யூனிஃபார்ம் பாவாடையின் அடி மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவோமே, அது லெட் டவுன்.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் கூலிக்குத் தைத்த காலத்தில், மார்கழி பிறந்தால் வெள்ளைக்கார அம்மாக்கள் ஜிப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வாயைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக் காட்டிக்கொண்டே ‘டேக் இன்’ என்பார்கள். அப்புறம் அகராதி எதற்கு?

ஒட்டுகிற சொல்லால் அர்த்தம் மாறுகிற இந்த வித்தை நம் தமிழிலும் இருக்கிறது. சட்டையைப் போட்டுப் பார் என்கிறோம். பக்கத்து சீட்டுக்காரன் மேலதிகாரியிடம் போட்டுக் கொடுத்தான் என்கிறோம். சினிமாவில் ரவுடி ஆளையே போட்டுத் தள்ளுகிறான். ஒரே ‘போடு’தான், பின்னால் ஒட்டுகிற சொல் ஆளையே மாற்றிவிடுகிறது. இதை எந்த வெள்ளைக்காரனாவது வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் என்ன ஆவான், யோசித்துப் பார்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இன்னொரு இடம் புட் ஆனும் வேரும். போட்டுக்கொள்வது புட் ஆன், போட்டிருப்பது வேர். ‘ஷி ஈஸ் புட்டிங் எ ப்ளூ சாரி’ என்று நீயே ஒரு தடவை எழுதியிருந்தாய். நாம் சட்டை போடுவோம், வேட்டி கட்டுவோம், கண்ணாடி மாட்டுவோம். அவர்களுக்கு அத்தனைக்கும் ஒரே புட் ஆன். உடம்பு போட்டாலும் அதுதான்.

ஃபிட் என்றால் டேப் சொல்கிற சங்கதி, சூட் என்றால் நிலைக்கண்ணாடி சொல்கிற சங்கதி. அளவு கச்சிதமாக இருந்தும் நிறம் எடுப்பாக இல்லாவிட்டால் ஃபிட் உண்டு, சூட் இல்லை. பையர் ஒரு துணியை ‘வேர்ஸ் வெல்’ என்று எழுதினால் பார்க்க அழகு என்று எடுத்துக்கொள்ளாதே. நல்லா உழைக்கும் என்று நாம் சொல்வதைத்தான் சொல்கிறான்.

‘புல் ஆஃப்’ பற்றிக் கேட்டிருந்தாய். இழுத்துக் கழற்றுவதும் அதுதான், ஒன்றை எடுபட வைப்பதும் அதுதான். காந்தி 1921-ல் மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். 1931-ல் லண்டன் போனபோது அரண்மனையில் ராஜா கொடுத்த தேநீர் விருந்துக்கும் அதே வேட்டி சால்வையோடு போனார். வேறொருவர் போயிருந்தால் வேஷமாகத் தெரிந்திருக்கும். அவருக்கு எடுபட்டது. கிரிவலப் பாதையில் வேட்டி கட்டி நடக்கிற வெள்ளைக்காரர்களைப் பார். சிலருக்குப் பிறந்ததிலிருந்து கட்டியது மாதிரி இருக்கும், சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பதினாலு கிலோமீட்டரும் நடப்பார்கள்.

‘டிரஸ்ட் டு த நைன்ஸ்’ என்பது ஒன்பது கஜத் துணியில் தைத்த கோட்டு என்று உனக்கு யாரோ சொன்னார்களாம். நம்பாதே. 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் எதையுமே குறையில்லாமல் செய்தால் ‘ஒன்பது’ கணக்கில் சொல்வதுண்டு. துணிமணிக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடு. ஒன்பது கஜம் மடிசாரோடு சரி.

ஆரணியில் பாட்டி எடுத்த பட்டுக்கு ஜாக்கெட் தைத்துவிட்டேன். உன் பழைய அளவுதான் என்னிடம் இருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்தாயோ, உடம்பு போட்டாயோ, மூன்று தையல் விட்டிருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே லீவு போட்டு வந்துவிடு. தீபத்தன்று ஊருக்குள் பஸ் வராது.

இப்படிக்கு,
தாத்தா