நாய் ஏன் நாக்கைத் தொங்கவிடுகிறது?
கோடைக்காலத்தில் வளர்ப்புப் பிராணிகளும் வெப்ப இயலும்

சித்திரை பிறந்துவிட்டால் நமக்கு நுங்கும் மோரும் பனையோலை விசிறியும் நினைவுக்கு வருகின்றன. வெயில் தாங்கவில்லை என்றால் நாம் வாய்விட்டுச் சொல்லலாம். நிழலைத் தேடிப் போகலாம். பானைத் தண்ணீரை மொண்டு குடிக்கலாம். மொட்டை மாடியில் சங்கிலியால் கட்டப்பட்ட நாயும், தகரக் கூண்டில் அடைபட்ட கோழியும், கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனும் என்ன செய்யும்? அவற்றுக்காக நாம்தான் யோசிக்க வேண்டும். யோசிப்பதற்கு உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்தில் உள்ள வெப்ப இயலே போதும்.

வெப்பத்தின் வரவும் செலவும்

நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37° செ. நாய்க்கும் பூனைக்கும் 38° முதல் 39° வரை. கோழிக்கு ஏறத்தாழ 41°. வெளியே மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் வெளியிலிருந்து வந்து சேரும் வெப்பமும் ஒரு தட்டில். உடலைவிட்டு வெளியேறும் வெப்பம் மறு தட்டில். தராசு சமமாக நிற்கும்வரை பிராணி சுகமாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோகிராம் எடையுள்ள நாய் ஒன்று சும்மா படுத்திருக்கிறது. அதன் இதயமும் நுரையீரலும் மற்ற உறுப்புகளும் இயங்குவதாலேயே மணிக்குச் சுமார் 22 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது. உடல் தசையின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83. எனவே இந்த நாயின் வெப்பநிலையை 1° உயர்த்த 15 × 0.83 = 12.45 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், 22 ÷ 12.45, அதாவது மணிக்கு ஏறத்தாழ 1.8° வீதம் உடல் சூடேறும். 38.5°-இல் இருந்த நாய் இரண்டே மணி நேரத்தில் 42°-ஐ எட்டிவிடும். 41°-ஐத் தாண்டினாலே நாய்க்கு ஆபத்து. ஓடாமல், விளையாடாமல், வெறுமனே படுத்திருந்தால்கூட இந்த நிலை! ஆகவே வெப்பத்தை வெளியேற்றுவது நாய்க்கு உயிர்ப் பிரச்சினை.

கடத்தல், வெப்பச் சலனம், கதிர்வீசல் என்னும் மூன்று வழிகளில் வெப்பம் பரவும் என்று படித்திருக்கிறீர்கள். இம்மூன்றிலும் வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும். காற்றின் வெப்பநிலை 40° ஆகிவிட்டால், 39°-இல் இருக்கும் நாயின் உடல் அதைவிடக் குளிர்ந்த பொருள்! இப்போது வெப்பம் வெளியே போகாது, உள்ளே வரும். மின்விசிறியைச் சுழலவிட்டாலும் சூடான காற்றுதான் மேலே வீசும். அப்படியானால் மீதமுள்ள ஒரே வழி எது? ஆவியாதல்.

இளைப்பின் இரகசியம்

உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். நமக்கு உடல் முழுவதும் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. நாய்க்கோ, குளிர்ச்சி தரத்தக்க வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில் மட்டுமே உள்ளன. அவை போதவே போதா. அதனால்தான் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. 22 கிலோகலோரியை வெளியேற்ற 22,000 ÷ 580 = 38 கிராம் நீர் ஆவியானால் போதும்.

'நாய்க்கு நாக்கில் வியர்க்கிறது' என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. நாக்கில் இருப்பது உமிழ்நீர். நாக்கைவிட மூக்கின் உட்பரப்பே இதில் முக்கியமானது என்று 1970-இல் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய தோழர்களும் கண்டறிந்தனர். இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து, வாய் வழியாக வெளியே விடுகிறது. ஈரமான பரப்பின்மேல் காற்று ஒரே திசையில் ஓடுவதால் ஆவியாதல் நன்கு நடைபெறுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் கோடையில் எளிதில் துவண்டுபோவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? காற்று செல்லும் பாதை குறுகலாக இருப்பதால் அவற்றின் குளிர்விக்கும் கருவியும் சிறியதாகிவிட்டது.

இன்னொரு வியப்பும் உண்டு. நாய் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை இளைக்கிறது. இவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினால் அந்த உழைப்பே புது வெப்பத்தை உண்டாக்கிவிடாதா? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பு அதிர்வெண்ணுக்கு ஏற்றபடி தள்ளினால், சிறிய தள்ளலே பெரிய ஆட்டத்தைத் தரும். நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இத்தகைய ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கிறது. நாய் இளைக்கும் வேகம் அதற்கு மிக நெருக்கமாக இருப்பதை 1962-இல் கிராஃபோர்டு என்பவர் அளந்து காட்டினார். ஒத்ததிர்வு என்று நீங்கள் படிக்கும் தத்துவத்தை நாய் படிக்காமலே கையாளுகிறது!

40 டிகிரியா, 35 டிகிரியா: எது கொடியது?

வேலூரில் 40°, ஆனால் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம். அதே நாளில் சென்னையில் 35°, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர் நாய் அதிகம் துன்பப்படும்?

நாயின் மூச்சுப் பாதையிலிருந்து வெளிவரும் காற்று 38°-இல் பூரிதமாக இருந்தால், ஒரு கன மீட்டரில் 46 கிராம் நீராவி இருக்கும். வேலூர்க் காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவி ஏறத்தாழ 10 கிராம். சென்னைக் காற்றில் 28 கிராம். ஆகவே ஒரு கன மீட்டர் காற்றை இழுத்துவிட்டால், வேலூர் நாய் 36 கிராம் நீரை ஆவியாக்க முடியும். சென்னை நாய் 18 கிராமை மட்டுமே. சரிபாதி! '35 டிகிரிதானே' என்று கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வெப்பமானி காட்டும் எண் பாதிக் கதைதான். ஈரப்பதம் மறு பாதி.

ஆவியாதலின் வலிமையைக் காட்ட ஒரு பழைய பரிசோதனை உண்டு. லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் நண்பர்களும் நீரின் கொதிநிலையையும் மிஞ்சச் சூடாக்கிய அறைக்குள் சென்று பார்த்து, 1775-இல் அதைப்பற்றி எழுதினார்கள். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சி வெந்துவிட்டது. மனிதர்களுக்கோ தீங்கு நேரவில்லை. ஒரு நாயையும் உள்ளே வைத்தார்கள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைவிடச் சுவையானது அங்கிருந்த நீர்ப் பாத்திரம். அவ்வளவு சூட்டிலும் நீர் கொதிக்கவில்லை. மேலே சிறிது எண்ணெயைத் துளித்து ஆவியாவதைத் தடுத்தவுடன், சிறிது நேரத்தில் கொதிக்கத் தொடங்கியது! அறைக்காற்று உலர்ந்திருந்ததால்தான் அனைவரும் பிழைத்தனர். அந்த நாயை ஒரு கூடையில் வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். தரையின் சூடு பாதத்தைச் சுட்டுவிடக் கூடாதே என்று! நாம் இன்று மறந்துவிடுவது இதைத்தான்.

நிழலும் தரையும் கூரையும்

நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. நம் நாயின்மேல் வெயில் படும் பரப்பு 0.15 சதுர மீட்டர் என்று கொண்டால், அது பெறுவது 150 வாட். அதில் பாதியை மட்டும் உடல் ஏற்றாலும் மணிக்குச் சுமார் 65 கிலோகலோரி ஆகிறது. நாய் தானாக உண்டாக்கும் வெப்பத்தைப்போல் இது மூன்று மடங்கு! நிழல் என்பது சொகுசு அன்று. உயிர் காக்கும் மருந்து. காலையில் இருக்கும் நிழல் பிற்பகலில் நகர்ந்துவிடும். எனவே கட்டிப்போட்ட பிராணிக்கு நாள் முழுவதும் நிழல் இருக்கிறதா என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

தகரக் கூரைக்கு வெயிலைத் தடுக்கத் தெரியும். ஆனால் தானும் சூடேறி, கீழ்நோக்கிக் கதிர்வீசும். தென்னங்கீற்றில் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது நல்ல வெப்பத்தடை. தகரக் கூரைமேல் கீற்றுகளைப் பரப்பினாலோ, வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலோ கூண்டுக்குள் சூடு குறையும். பக்கங்களில் காற்று புகுந்து செல்ல வழி இருக்க வேண்டும்.

காற்று 40°-இல் இருக்கும்போது தார்ச்சாலையும் மொட்டை மாடித் தளமும் 60°-ஐ எட்டலாம். 44° சூடுள்ள பொருள் தோலைப் புண்ணாக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும். 60° சூடோ சில வினாடிகளில் புண்ணாக்கிவிடும் என்று 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் கண்டனர். நாயை வெளியே அழைத்துச் செல்லுமுன் உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். கையை எடுத்துவிடத் தோன்றினால், நாய்க்கும் அது நடக்கத்தக்க தரை அன்று. விடியற்காலையே நடைக்கு ஏற்ற நேரம். பொழுது சாய்ந்த பிறகும் தரை வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

நிறுத்திய காருக்குள் எந்தப் பிராணியையும் விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. சூடேறிய காற்றை வெளியே விடுவதில்லை. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பநிலை சராசரியாக 22° உயர்ந்தது. அதில் 80 சதவீத உயர்வு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்தது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தும் பெரிய பயன் இல்லை. கடைக்குப் போய்த் திரும்பும் பத்து நிமிடமும் ஆபத்தானதே.

மற்ற பிராணிகள்

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. சிறகுகளை விரித்து, அலகைத் திறந்து இளைக்கும். அளவுக்கு மீறி இளைத்தால் இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்து ஓடு மெலிந்துபோகும். கோடையில் தோல் மெல்லிய முட்டை கிடைத்தால், கோழி வெப்பத்தால் வருந்துகிறது என்று கொள்ளலாம்.

பூனை தன் மேனியை நக்கி, அந்த ஈரம் ஆவியாவதால் குளிர்கிறது. முயலால் நாயைப்போல் நன்கு இளைக்க முடியாது; பெரிய காதுகளில் இரத்தத்தை ஓடவிட்டுச் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றே சூடாக இருந்தால் காதும் கைகொடுக்காது. ஆகவே முயல் கூண்டை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

மீனுக்கு வேறு தொல்லை. 20°-இல் ஒரு லிட்டர் நீரில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30°-இல் 7.6 மில்லிகிராம்தான். நீர் சூடேறும்போது மீனுக்குத் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுவே எச்சரிக்கை. தொட்டியைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்துங்கள், காற்றுக் குமிழிகளை விடுங்கள், இரையைக் குறையுங்கள்.

எல்லாப் பிராணிகளுக்கும் தண்ணீரை நிழலில் வைத்த மண் சட்டியில் ஊற்றுங்கள். சட்டியின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிரவைக்கும். வெயிலில் வைத்த அலுமினியப் பாத்திரம் நேர்மாறான வேலையைச் செய்யும்.

ஆபத்து வந்தால்

நாய் விடாமல் இளைக்கிறது, உமிழ்நீர் கெட்டியாக ஒழுகுகிறது, ஈறு செக்கச் சிவக்கிறது, தள்ளாடுகிறது, வாந்தி எடுக்கிறது. இவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முன்பு பயன்படாத மின்விசிறி இப்போது பயன்படும்; ஏனெனில் உடல் நனைந்திருக்கிறது! நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் கொதிநீர்போல் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து, கிணற்று நீரையோ பானை நீரையோ ஊற்றுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிடாதீர்கள். அது விரைவில் சூடாகி, ஆவியாதலையும் தடுக்கும். நினைவிழந்த பிராணியின் வாயில் நீரைப் புகட்டக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். குளிர்வித்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்புகளுக்கு நேர்ந்த கேடு பிறகுதான் வெளிப்படும்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.) ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு விசிறுங்கள். சில நிமிடங்களில் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரத் துணியின்மேல் பாலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றி மீண்டும் பாருங்கள். வேறுபாடு எங்கே போயிற்று? பிளாக்டனின் எண்ணெய்த் துளியை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. நம் 15 கிலோகிராம் நாயின் மேனியில் தெளித்த நீரில் 100 கிராம் ஆவியாகிறது. அதற்கான வெப்பம் முழுவதும் நாயின் உடலிலிருந்தே போகிறது என்று கொண்டால், அது எத்தனை மணி நேரம் உண்டாக்கிய வெப்பத்துக்குச் சமம்? கணக்கைப் போட்டு முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டுப் பிராணியின் தண்ணீர்ச் சட்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் இன்னொரு சட்டி வைத்தால் தெருவில் திரியும் பிராணிகளுக்கும் உதவும்.