பழைய இரும்புக் கடைக்கு எந்த இயந்திரம்?

கேள்வி: சிறிய அளவில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறேன். லாரியில் ஏற்ற கிராப் இயந்திரம் வாங்கலாமா?
– ஒரு வாசகர், புளியங்குடி

பதில்: இயந்திரத்தின் விலையைவிட, அதற்குத் தினமும் எத்தனை மணி நேரம் வேலை இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். ஃபுக்ஸ், சென்னபோகன் போன்ற ஜெர்மன் இயந்திரங்களில் ஓட்டுநர் கேபினே மேலே உயரும். லாரிக்குள் பார்த்து அடுக்கலாம். ஆனால் அவை நாள் முழுக்க ஓடும் பெரிய யார்டுகளுக்கானவை. வாரத்துக்குச் சில லோடு மட்டுமே போகும் கடையில் வண்டி சும்மா நின்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலை பெருகும்வரை மணிக்கணக்கு வாடகைக்கு இயந்திரம் எடுப்பதே லாபம். பெருகினால், ஐந்து விரல் கிராப் மாட்டிய பழைய பொக்லைன் போதும். கை நீள நீளத் தூக்கும் திறன் குறையும். கிராப்பின் எடையும் அதில் கழியும். ஆகவே சுமை அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

பழைய வண்டி அடிக்கடி படுத்துவிடாதா என்பீர்கள். படுக்கும்தான், ஆனால் உதிரி பாகமும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே கிடைக்கும் மாடல் என்றால் மறுநாளே எழும். கை இணைப்புகளில் உள்ள பின், புஷ் ஆகியவற்றின் தேய்மானம், சிலிண்டர் கசிவு, சுழலும் பேரிங்கின் ஆட்டம் ஆகியவற்றைச் சோதியுங்கள். இரும்பு யார்டில் டயர் கிழியும் என்பதால் செயின் வண்டியே நல்லது. தினமும் கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டர் தூசியை ஊதுவது, ஹைட்ராலிக் ஃபில்டரை நேரத்தில் மாற்றுவது ஆகிய மூன்றும் தவறினால் புது வண்டியும் நிற்கும். கண்ணாடிக்கு முன் இரும்பு வலை கட்டாயம்.