வெள்ளம் தாங்கும் நெல்லும் விதைக் கடைக்காரரும்

மழை பொய்த்தாலும் கடைக்குக் கேடு; அளவுக்கு மிஞ்சினாலும் கேடு. வயலில் பத்து நாள் நீர் நின்று பயிர் அழுகினால் நட்டம் விவசாயியோடு நிற்பதில்லை. அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்று அவர் வாங்கிச் சென்ற அரிசி, பருப்பு, எண்ணெய்க் கணக்கு நம் பற்று நோட்டில் நிலுவையாகவே நிற்கிறது. நெல் மண்டியில் வரத்து குறைகிறது. மொத்த வியாபாரிக்குச் சரக்கு இல்லை, சில்லறை வியாபாரிக்கு வசூல் இல்லை. ஆகவே வயலில் எந்த விதை விழுகிறது என்பது நம் வியாபாரத்தோடும் சேர்ந்த விஷயமே ஆகும்.

உயிரித் தொழில்நுட்பம் என்றதும் பெரிய கம்பெனி, விலை உயர்ந்த விதை, பி.டி. பருத்தி ஆகியவைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தில், பொது ஆராய்ச்சி நிலையங்களில் உருவாகி, அரசின் உதவியோடு சிறு விவசாயியின் வயலுக்குப் போன நெல்லும் உண்டு. ஒடிசா மாநிலத்தில் அந்த நெல் பரவிய விதத்தில் வணிகர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

நெல்லுக்குள் என்ன நடந்தது?

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான். ஆனால் முழுவதும் மூழ்கினால் தாங்காது. மூழ்கிய சாதாரண நெற்பயிர், எப்படியாவது நீருக்கு மேலே தலை தூக்க வேண்டும் என்று வேகமாக நீளும். அந்த முயற்சியில் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிடும். நீர் வடியும்போது கையில் முதல் இல்லாத வியாபாரி போல் சாய்ந்து விழுந்து அழுகிவிடும்.

ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்னும் ரகம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. இருப்பைச் செலவு செய்யாமல் காத்திருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. இந்தக் குணத்திற்குக் காரணமான மரபுக்கூறு 1990களில் இடம் கண்டறியப்பட்டு, சப்-1 என்று பெயர் பெற்றது. அதிலுள்ள முக்கிய மரபணு எது என்பது 2006இல் தெளிவாயிற்று.

ஆனால் அந்த நாட்டு ரகத்தின் விளைச்சல் குறைவு. எனவே பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கிழக்கு இந்திய விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் சுவர்ணா ரகத்தோடு அந்தக் குணத்தைச் சேர்த்தார்கள். ஒட்டுச் சேர்த்துக் கிடைத்த கன்றுகளில் எதில் சப்-1 இறங்கியிருக்கிறது என்பதை மரபணு அடையாளக் குறிகளைக் கொண்டு சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதையே மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடு சேர்த்தார்கள். இதனால் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை சில ஆண்டுகளில் முடிந்தது. முடிவில் கிடைத்தது சுவர்ணா நெல்தான். கூடுதலாக இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் பிழைக்கும் சக்தி அதற்கு வந்தது.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பி.டி. பருத்தியில் ஒரு நுண்ணுயிரின் மரபணு வைக்கப்பட்டது. இங்கே நெல்லின் குணம் நெல்லுக்கே, ஒட்டுச் சேர்ப்பின் மூலமாகவே வந்தது. இதை மரபணு மாற்றுப் பயிர் என்று சொல்லுவது தவறாகும்.

அரசு செய்த உதவி

சுவர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. நல்ல விதை வெளிவந்தால் மட்டும் போதுமா? ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் புதிய விதையை நம்பி முழு நிலத்தையும் ஒப்படைக்க மாட்டார். விதை பொய்த்தால் அவருக்கு ஓர் ஆண்டுச் சாப்பாடு போயிற்று.

இங்கேதான் அரசின் கை தேவைப்பட்டது. 2007இல் தொடங்கிய தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கத்தின் வழியாகச் சிறு விதைப் பொட்டலங்கள் கொடுக்கப்பட்டன. 2010-11இல் கிழக்கு மாநிலங்களுக்கென வந்த பசுமைப் புரட்சித் திட்டத்தில் செயல்விளக்க வயல்கள் போடப்பட்டன. சான்று விதைக்கு மானியமும் இருந்தது.

ஐந்து கிலோ விதை சிறிய உதவிதான். ஆனால் வயலின் ஒரு மூலையில் போட்டுப் பார்க்க அது போதும். மேலும் இது வீரிய ஒட்டு ரகம் அல்ல. விளைந்த நெல்லிலேயே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அண்டை அயலாருக்கும் கொடுக்கலாம்.

கண்ட பலன்

ஒடிசாவில் 128 கிராமங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாயின. வயல் பத்து நாள் மூழ்கிய இடங்களில், பழைய சுவர்ணாவைவிடப் புதியது ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத இடங்களில் விளைச்சல் குறையவும் இல்லை. வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களிடம் இருந்ததால், அவர்களுக்கே பலன் அதிகமாகச் சேரும் என்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

2016இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. வெள்ள பயம் குறைந்தபின் விவசாயிகள் கூடுதல் நிலத்தில் பயிர் செய்தார்கள். உரத்திற்குச் செலவு செய்தார்கள். நாற்று நடவுக்கு மாறினார்கள். கடன் வசதியையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். பயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் கையில் உள்ள பணம் வெளியே வருகிறது. அது கடைத்தெருவுக்கும் வருகிறது.

கடைக்காரரிடம் சொன்னபோது

ஆயினும் நல்ல விதை என்று தெரிந்த பிறகும் அது வேகமாகப் பரவவில்லை. பொட்டலம் கிடைத்தவருக்குத் தெரிந்த செய்தி, கிடைக்காதவருக்கு எட்டவில்லை. எனவே ஒடிசாவில் மற்றொரு சோதனை செய்தார்கள். சில வட்டாரங்களில் வழக்கம்போல் வேளாண்மை அலுவலர்கள் மூலம் தேர்ந்தெடுத்த விவசாயிகளுக்கு விதையும் விளக்கமும் கொடுத்தார்கள். மற்ற வட்டாரங்களில் அதே விதையையும் விளக்கத்தையும் விதைக் கடைக்காரர்களிடம் கொடுத்தார்கள்.

முடிவுகள் 2024இல் அச்சாயின. கடைக்காரரிடம் சொல்லப்பட்ட வட்டாரங்களில் புதிய விதையை எடுத்துக்கொண்ட விவசாயிகளின் விகிதம் மற்ற வட்டாரங்களைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது. கடைக்காரர்கள் அந்த விதையைச் சரக்கில் சேர்த்தார்கள். வாடிக்கையாளரிடம் தாமாகவே எடுத்துச் சொன்னார்கள். அதனால் பயன் பெறக்கூடிய விவசாயிகளிடமே விதை அதிகமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு விவசாயி சொந்த விதையை வைத்துக்கொள்ளக்கூடிய நெல்லுக்குக் கடைக்காரர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? நல்ல சரக்கைச் சொன்னார் என்ற பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரை நம்பி வாடிக்கை பெருகுகிறது. இதுவே ஆய்வாளர்கள் கண்ட காரணம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது புதிய செய்தி அல்ல.

நம் பக்கத்து நெல்

இந்தக் குணம் சுவர்ணாவோடு நிற்கவில்லை. ஒடிசாவின் கட்டாக் நகரில், அப்போது மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் எனப்பட்ட நிலையத்தில் பிறந்து, காவிரிப் பாசனப் பகுதியில் வேரூன்றிய சி.ஆர். 1009 ரகம் நமக்குத் தெரிந்ததே. இட்லிக்கு ஏற்ற தடித்த அரிசி அது. நீண்ட நாள் பயிரான அது சம்பாவில் நிற்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை வந்து வயலை மூழ்கடிக்கிறது. சப்-1 சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 ரகமும், கோ 43 சப்-1 ரகமும் தமிழ்நாட்டிற்கு வந்துவிட்டன. ஆகவே ஒடிசாக் கடைக்காரர் செய்த வேலை நமக்கும் காத்திருக்கிறது.

நாம் மனதில் கொள்ள வேண்டியவை

1. விதை விற்பனைக்கு உரிமம் வேண்டும். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை இதைக் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாத மளிகைக் கடையில் விதை மூட்டை இறக்கக் கூடாது. உரிமம் உள்ள கடையை அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தைக் காட்டிவிடுவதே முறை. மானிய விதை இருப்பு பற்றியும் அங்கேயே விசாரிக்கச் சொல்லலாம்.

2. உரிமம் உள்ளவர்கள் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். சான்று விதைக்கு நீல நிற அட்டை; ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அட்டை இல்லாத மூட்டையைச் சப்-1 என்று சொல்லி விற்பது, ஆண்டுக்கணக்கில் சேர்த்த பெயரை ஒரே பட்டத்தில் இழப்பதாகும். பயிர் மூழ்கும் நாளில் உண்மை வெளியாகிவிடும்.

3. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வளர்ந்த பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினால் தாங்கும். மாதக்கணக்கில் நீர் தேங்கும் பள்ளத்திற்கு இது மருந்தல்ல. விதைத்தவுடன் வயல் மூழ்கினாலும் இந்தக் குணம் காப்பாற்றாது. அளவுக்கு மீறிப் புகழ்ந்து விற்றால், அடுத்த புதிய விதையையும் விவசாயி நம்ப மாட்டார்.

4. நெல் கொள்முதல் செய்பவர்கள் ரகத்தை அறிந்து விலை சொல்ல வேண்டும். சுவர்ணாவின் உமி பொன்னிறம். சுவர்ணா சப்-1இன் உமி வைக்கோல் நிறம். அரிசியில் வித்தியாசம் இல்லை. நிறம் மாறியிருக்கிறதே என்று விலையைக் குறைத்தால், அரசு கொடுத்த உதவியை மண்டியில் நாம் பறித்துக்கொண்டதாகும்.

5. மரபணு மாற்றிய அரிசியா என்று வாடிக்கையாளர் கேட்டால் தயங்காமல் விளக்க வேண்டும். தெரியாத பதிலால் நல்ல சரக்கு தேங்கிவிடக் கூடாது.

விதையை உருவாக்க விஞ்ஞானி வேண்டும். பயந்து நிற்கும் சிறு விவசாயிக்கு முதல் பொட்டலம் கொடுக்க அரசு வேண்டும். அதற்குப் பிறகு நூறு பேருக்கு அதை எடுத்துச் சொல்லும் இடம் கடைத்தெரு. சம்பாவுக்கு விதை தேடி விவசாயிகள் வரும் முன்பே, நம் வட்டாரத்தில் எந்த ஊர் வயல்கள் மூழ்குகின்றன, அதற்கு ஏற்ற சான்று விதை எங்கே இருப்பு உள்ளது என்பதை ஒவ்வொரு சங்கக் கிளையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக் கடையில் எழுதி மாட்டலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்தான். பயிர் பிழைத்தால் பற்று நோட்டில் நிலுவை தீரும்.