டைனமோவைக் கழற்றும் முன்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குக் களிமண் ஏற்றிவரும் பழைய டிராக்டர்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, பேட்டரி இறங்கிப்போவதுதான். புது பேட்டரி வாங்கிப் போட்டும் வண்டியைத் தள்ளிவிட ஆள் தேடுவார்கள். பெரும்பாலும் குறை பேட்டரியில் இல்லை, டைனமோவில்தான்.

லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது இன்ஜின் ஸ்லோவில் ஓடும். அந்த வேகத்தில் டைனமோவின் வோல்ட் பேட்டரியைத் தாண்டாது, அதைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட்டும் சேராது. சார்ஜ் ஏறாத அந்த நேரத்திலும் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும். டைனமோவுக்குப் பதிலாகப் போடும் ஆல்டர்னேட்டரில் லோடு கரண்ட் கார்பன் வழியாகப் போவதில்லை. அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றவிடலாம். ஸ்லோவிலேயே 14 வோல்ட்டை ஒட்டி வரும்.

மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவை:

முதலில் மீட்டர். இன்ஜின் நிற்கும்போது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். ரேஸ் கொடுத்தால் 14-ஐத் தொடுகிறதா? அப்படியானால் டைனமோ நன்றாக இருக்கிறது. நாளெல்லாம் உழவில் ஓடும் வண்டிக்கு அதுவே போதும், செலவு வேண்டாம்.

எர்த்தைப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். இப்போது கிடைக்கும் ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பேட்டரியைத் திருப்பி மாட்டி, ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். ஃபீல்டு காயில் உள்ள செல்ஃப் மோட்டார் அதே திசையில்தான் சுற்றும். ஆல்டர்னேட்டருக்குத் தலைகீழாகக் கொடுத்தால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

ஒயரும் பல்பும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டர் என்றால் பழைய கட்-அவுட்டைக் கழற்றிவிடலாம். பேட்டரிக்குப் போகும் ஒயர் தடிமனாக இருக்கட்டும். சார்ஜ் பல்பை வேண்டாத அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது.

பெல்ட். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குவது சரியான இழுப்பு.

பழக்கத்தை மாற்றுங்கள். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'நிற்காமல் ஓடுகிறது, டைனமோ நல்லாருக்கு' என்று சோதிப்பார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. டயோடும் ரெகுலேட்டரும் எரிந்துவிடும். டிரெய்லரை மாட்டியபடி வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். களிமண் தூசி உள்ளே அடையாமல் அவ்வப்போது காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. பேட்டரி, பல்பு, ஹாரன் எல்லாமே மாற வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் இக்னிஷன் காயிலும் சேரும். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகிவிடுவதால் நல்ல நிலையில் உள்ள ஒயரை வைத்துக்கொள்ளலாம். பழைய செல்ஃபும் தாங்கும். ஆனால் நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, ஸ்லோவில் ஒருமுறை, ரேஸில் ஒருமுறை அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் வண்டியை எடுத்துச் செல்லலாம். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டரைச் சரிபார்க்காமல் பட்டறையை விட்டு நகராதீர்கள்.