லேசான பந்தும் பலமாக அடிக்கும்

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. பௌலிங்கில் 12 பவுண்டுக்கு மேல் எடையுள்ள பந்தைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது, கூட ஆடும் பெண்களோ 14 பவுண்டு வீசுகிறார்கள், “லேசான பந்தால் ஸ்ட்ரைக் விழாது” என்று சொல்லிக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துவிட்டால் நீ எந்தப் பந்தை வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கடைக்குப் போவதற்கு முன் இதைப் பொறுமையாகப் படி.

ஒரு பின்னின் எடை ஏறக்குறைய மூன்றரை பவுண்டு. 12 பவுண்டு பந்து அதைப்போல மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 15 பவுண்டு பந்து நாலு மடங்குக்கும் மேல். மோதும்போது பந்து பின்னைத் தள்ளுகிறது, பின்னும் பந்தைத் தள்ளுகிறது. பந்து எவ்வளவு லேசோ அவ்வளவு அதிகமாகத் தன் வழியிலிருந்து விலகும். ஒரே ஒரு பின்னை நிறுத்தி வைத்தால் 8 பவுண்டு பந்தும் அதைப் பறக்கவிடும். பத்துப் பின்னுக்கு நடுவே புகுந்து கடைசி வரிசைவரை போக வேண்டும் என்னும்போதுதான் லேசான பந்து தடுமாறுகிறது.

பத்துப் பின்னும் ஒரே வீச்சில் விழும் நல்ல ஸ்ட்ரைக் ஒன்றைக் கண் எடுக்காமல் பார். நீ வலக்கைக்காரி, ஆகவே பந்து 1-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவில் உள்ள பாக்கெட்டில் நுழையும். பந்து நேராகத் தொடுவது நாலே நாலு பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே பார்த்துக்கொள்ளும். 1 போய் 2-ஐ அடிக்கும், 2 போய் 4-ஐ, 4 போய் 7-ஐ. வலப்பக்கம் 3 போய் 6-ஐ, 6 போய் 10-ஐ. 5 போய் 8-ஐச் சாய்க்கும். இதில் எல்லாம் தொங்குவது அந்த நடு 5-இல். பந்து 1-இல் பட்டதும் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டால் 5-ஐ எட்டாது. பாக்கெட்டில் சரியாக விழுந்தும் நடுவில் 5 அசையாமல் நிற்கிறது என்று நீ வருத்தப்பட்டு எழுதினாயே, காரணம் இதுதான். உன் குறியில் தப்பில்லை. பந்து விலகிவிட்டது.

விலகலை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று வேகம். 12 பவுண்டு பந்து மணிக்கு 29 கிலோமீட்டரில் போனால், 15 பவுண்டு பந்து 26 கிலோமீட்டரில் போவதற்கு ஏறக்குறையச் சமமான இயக்க ஆற்றல் அதற்கு இருக்கும். காகிதத்தில் போட்டுப் பார், எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். ஆனால் உந்தம் அப்போதும் குறைவுதான். அதோடு, வேகம் கூடினால் பந்து வளைவதற்கு நேரம் கிடைக்காமல் லேனில் பூசிய எண்ணெய் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கையை ஓங்கி வீசிப் பலம் சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிடு. உன் மணிக்கட்டுக்கும் அது ஆகாது.

இரண்டாவது வழி கோணம். நான் நம்புவது இதைத்தான். லேனின் நீளம் 60 அடி, அகலம் மூன்றரை அடிகூட இல்லை. வலது ஓரத்திலிருந்து நேராக உருட்டினால் பாக்கெட்டில் நுழையும் கோணம் 2 டிகிரியைக்கூடத் தொடாது. கடைசியில் வளைந்து நுழையும் பந்து 4, 5, 6 டிகிரியில் வரும். அப்படி வந்தால், 1-இல் பட்டு ஒதுங்கின பிறகும் அதன் போக்கு 5-ஐ நோக்கியே இருக்கும். லேசான பந்துக்காரிக்கு இந்த வளைவு இல்லாமல் முடியாது. 16 பவுண்டை நேராக வீசுகிறவருக்குக் கிடைக்கும் தயவு 12 பவுண்டை நேராக வீசுகிறவளுக்குக் கிடைக்காது.

வலிமையைவிட நுழையும் விதம் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010-இல் லாஸ் வேகஸில் நடந்த டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் இறுதியாட்டத்தில் கெல்லி குலிக் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று வென்றார். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆண்களை வென்று பட்டம் எடுத்த முதல் பெண் அவர். தோள்வலிமையைக் காட்டி எடுத்த பட்டம் இல்லை அது. அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பார். அவர் பந்து பாக்கெட்டில் நுழைவதை மட்டும் பார்.

இனிப் பந்துக்கு வருவோம். 8 பவுண்டோ 16 பவுண்டோ, பந்தின் அளவு ஒன்றேதான், விட்டம் எட்டரை அங்குலம். 10 பவுண்டு பந்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், 14 மூழ்கிவிடும். அப்படியானால் லேசான பந்தில் எடையை எங்கே குறைக்கிறார்கள்? உள்ளே. வெளித்தோடு எல்லா எடையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் இருக்கும் ‘கோர்’ என்ற உட்கருவையும் அதைச் சுற்றிய நிரப்பையும்தான் லேசாக்குகிறார்கள். அதனால் எடையின் பெரும்பங்கு பந்தின் விளிம்புக்குப் போய்விடுகிறது, பந்து உருளத் தொடங்கத் தாமதமாகிறது. இதைக் காட்டும் எண்தான் ஆர்.ஜி. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் அனுமதிப்பது 2.460 முதல் 2.800 அங்குலம் வரை. எண் சிறிதானால் பந்து சீக்கிரம் உருளும்.

கடைக்காரர் காட்டும் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் 15 பவுண்டு பந்தின் எண். அதைப் பார்த்து ஏமாறாதே. “12 பவுண்டில் இதன் ஆர்.ஜி. எவ்வளவு, டிஃபரென்ஷியல் எவ்வளவு? உள்ளே இருப்பது அதே கோர்தானா?” என்று கேள். எடை குறைந்த பந்துகளில் பெயரையும் நிறத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கோரை மட்டும் எளிமையாக்கிவிடும் வழக்கம் உண்டு. டிஃபரென்ஷியல், அதாவது அந்தப் பந்தின் மிக அதிக ஆர்.ஜி.க்கும் மிகக் குறைந்த ஆர்.ஜி.க்கும் உள்ள வித்தியாசம், 0.010 பக்கம் இருந்தால் அது வளைய மாட்டாத பந்து, வேண்டாம். 0.040-ஐ ஒட்டி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். 12-இல் நல்ல கோரும் 11-இல் எளிய கோருமாக ஒரு மாடல் இருந்தால், மணிக்கட்டு இடம் கொடுக்கும்வரை 12-க்கே போ. இந்த ஒரு பவுண்டில் கிடைப்பது எடை மட்டுமில்லை.

மேல்தோடு ரியாக்டிவ் ரெசினாக இருக்கட்டும். பாலியெஸ்டர் பந்து வழுக்கிக்கொண்டு நேரே போகும். முதல் வீச்சில் நின்றுவிட்டதைச் சாய்க்கும் ஸ்பேர் எடுக்க, முக்கியமாக 10-ஐத் தனியாக எடுக்க, அது நல்லது. முதல் பந்தாக வேண்டாம். ரியாக்டிவிலும் மிகச் சொரசொரப்பான பந்து உனக்குப் பொருந்தாது. உன் வேகம் மிதமானது. அந்தப் பந்து பாதி லேனிலேயே பிடித்து வளைந்து, பின்னிடம் வரும்போது தெம்பு முழுவதையும் தொலைத்திருக்கும். அடி சத்தத்திலேயே தெரியும், மந்தமாக விழும். நடுத்தரமான, மெருகேற்றிய மேற்பரப்பு கேள். முன்பாதியில் தெம்பைச் சேமித்து வைத்துக் கடைசியில் செலவழிக்கும் பந்துதான் நமக்கு வேண்டும்.

எடையைத் தீர்மானிக்க முதல் வீச்சை நம்பாதே. மூன்றாவது ஆட்டத்தின் கடைசி ஃபிரேம்களில் திரையில் காட்டும் வேகம் முதல் ஆட்டத்தில் இருந்த அளவே இருக்கிறதா, தோள் சாயாமல் கை தானாக ஊசலாடுகிறதா என்று பார். இருந்தால் அந்த எடை உன்னுடையது. இன்னொன்று, இப்போது வலிப்பது எடையால்தான் என்று முடிவு கட்டிவிடாதே. பொதுப் பந்தின் கட்டைவிரல் துளை யாருக்கோ செய்தது. நழுவிவிடுமோ என்று நீ அதை இறுக்கிப் பிடிக்கிறாய், அந்த இறுக்கம்தான் மணிக்கட்டில் ஏறுகிறது. உன் கைக்கு அளந்து துளையிட்டால் அதே எடை இன்னும் லேசாகத் தெரியும். கட்டைவிரலை உள்ளே விட்டு இழுத்துப் பார். சுற்றிலும் லேசாக உரச வேண்டும், எங்கும் பிடிக்கக் கூடாது. நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவரை மட்டும் போகும் ஃபிங்கர்டிப் பிடியைக் கேள்; சுழற்சி கூடும், சுழற்சி இருந்தால் வளைவு வரும். அளந்து துளைத்த பிறகும் வலி இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டு.

பழைய பந்து மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் விரல் போகாத நாலாவது துளை ஒன்று இருக்கிறதா பார். சமன் செய்வதற்காக முன்பு போட்ட துளை அது. 2020 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் விதிகளில் அதற்கு இடமில்லை. அடைத்து மறுபடி துளைக்க ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துச் சொல்.

பந்து வந்த பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெயைத் துடைத்துவிடு. ரியாக்டிவ் தோடு எண்ணெயை உறிஞ்சும், உறிஞ்சினால் வளைவு குறையும். கனமான பந்து வைத்திருப்பவர்கள் இதில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் சமாளித்துவிடுவார்கள், உனக்கு அந்த வசதி இல்லை. கடைக்காரர் சொல்லும் ஆர்.ஜி., டிஃபரென்ஷியல் இரண்டையும் குறித்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
மாமா